வித்துவானின் பல்லும் லேசர் ஒளியும்

அளவெட்டி என்றதும் நாதஸ்வர மேதை என். கே. பத்மநாதனையும் தவில் மேதை தட்சிணாமூர்த்தியையும் நினைவுகூருவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்து மேளச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். ஆனால் இன்று எழுத வந்தது இசையைப் பற்றியல்ல, பல்லைப் பற்றி. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

என் இளமைக் காலத்தில் எங்கள் அயலில் ஒரு நாதஸ்வர வித்துவான் வாழ்ந்தார். அவருடைய கீழ் முன்பல் ஒன்று சூத்தையாகிப் பல்லுக்கொதியால் அவர் பெரிதும் அவதிப்பட்டார். கராம்பை வைத்துக் கடிப்பார். உப்பு நீரால் கொப்பளிப்பார். பல் வைத்தியரிடம் போகுமாறு யார் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ஊசி போட்டால் உதடு விறைச்சுப் போகும் தம்பி. விறைச்ச உதட்டோடை சீவாளியை எப்படிப் பிடிக்கிறது?"

கோயில் திருவிழாக்கள் முடியட்டும் என்றார். பிறகு கலியாண முகூர்த்தங்கள் முடியட்டும் என்றார். எல்லாம் முடிந்து அவர் போனபோது சிறிய துவாரமாக இருந்தது பெரும் சீழாகியிருந்தது. அந்தப் பல்லோடு அருகில் இருந்த பல்லையும் கழற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் அவருடைய வாசிப்பில் பழைய பிடிப்பு இருக்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை.

அண்மையில், வெளிநாட்டில் பிள்ளைகளோடு தங்கியிருந்தபோது, என் கடைவாய்ப்பல் ஒன்றுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. வைத்தியர் விறைப்பு ஊசியை எடுக்கவில்லை. கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி அணிவித்தார். நீர்த்துளிகள் தெறித்தன, சோளம் பொரிவது போல மெல்லிய சத்தம் கேட்டது. கூச்சம் போன்ற ஒன்றை இரண்டு மூன்று தடவை உணர்ந்தேன்; வலி என்று சொல்ல முடியாது. அடைப்பு வேலை முடிந்து எழுந்தபோது என் உதடு என் உதடாகவே இருந்தது. அந்தக் கணத்தில் என் நினைவுக்கு வந்தவர் எங்கள் அயல்வீட்டு வித்துவான்தான்.

இதன் நுட்பம் விளங்கிக்கொள்வதற்குக் கடினமானதன்று. சாதாரண துளைகருவி சுழன்று பல்லைத் தேய்க்கிறது. அந்த அதிர்வும் வெப்பமும் அழுத்தமும் பல்லினுள்ளே இருக்கும் நரம்பைத் தூண்டுகின்றன. பற்களுக்குப் பயன்படும் எர்பியம் வகை லேசர் பல்லைத் தொடுவதே இல்லை. ஏறத்தாழ 2,940 நனோமீற்றர் அலைநீளமுள்ள அதன் ஒளியை நீர் மிக வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. பல்லுக்குள் சிறிதளவு நீர் உண்டு. சூத்தையான பகுதியில் அது கூடுதலாக இருக்கும். ஒளி பட்டதும் அந்த நீர் கணப்பொழுதில் ஆவியாகி வெடித்து, பழுதான பகுதியைத் துகள் துகளாகப் பெயர்க்கிறது. கூடவே பாயும் நீர்த்தூவல் பல்லைக் குளிர்விக்கிறது.

லேசர் 1960இல் தியோடர் மைமன் என்பவரால் உருவாக்கப்பட்டது. பல்லின் கடினமான பகுதியை வெட்டுவதற்கு எர்பியம் லேசரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது 1997இலேதான். இடையில் கழிந்த ஆண்டுகள், பல்லைச் சுட்டுவிடாமல் வெட்டும் ஒளியைத் தேடிய ஆண்டுகள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது பத்திரிகைத் தொழிலுக்கு அழகன்று. 'வலியே இல்லை, ஊசியே இல்லை' என்று தனியார் நிலையங்கள் செய்யும் விளம்பரங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆழமான சூத்தைக்கு லேசரோடும் ஊசி தேவைப்படலாம். பழைய உலோக அடைப்புகளை இதனால் அகற்ற முடியாது. பல்லுக்கு முடி பொருத்துவதற்குப் பெரும்பாலும் பழைய துளைகருவியே வேண்டும். வேலையும் மெதுவாகவே நடக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2016இல் இது தொடர்பான 9 ஆய்வுகளை ஆராய்ந்தது. லேசரால் வலியும் ஊசியின் தேவையும் குறைவதற்குச் சில சான்றுகள் உண்டு, ஆனால் அச்சான்றுகளின் தரம் குறைவு என்பதே அதன் முடிவு. வலி குறையலாம் என்பது வேறு, வலியே இராது என்பது வேறு.

ஆயினும் அந்தச் சிறு குறைவையும் நான் அற்பமாகக் கருதவில்லை. வலியைத் தாங்குவதை வீரமாகவும், அதற்கு அஞ்சுவதைக் கோழைத்தனமாகவும் பார்த்துப் பழகிய சமூகம் நாம். யுத்த காலத்தில் மருந்துத் தடைகளுக்குள் குடாநாட்டு வைத்தியசாலைகள் இயங்கின. 2009இல் வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்து போதாமலே சத்திர சிகிச்சைகள் நடந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே திட்டமிட்ட சத்திர சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. இத்தனையையும் கண்டவர்களுக்குப் பல்வலி சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் தாங்க முடிந்தது என்பதற்காக ஒரு வலி நியாயமாகிவிடாது.

மயக்க மருந்தை உலகறியச் செய்தவர்களே பல் வைத்தியர்கள்தாம். ஹொரஸ் வெல்ஸ் 1844இல் சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து தன் பல்லையே பிடுங்கச் செய்தார். மறு ஆண்டு பொஸ்ரனில் அவர் நடத்திய செய்முறை தோற்று, அவர் நகைப்புக்கு ஆளானார். 1846 ஒக்ரோபரில் அதே நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதரைக் கொண்டு வென்று காட்டினார்.

அடுத்த ஆண்டு, அதே மாசச்சூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைப் பின்னர் தமிழிலேயே கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழில் கற்றவர்கள் சொந்த ஊர்களில் தங்கி மக்களுக்கு உதவுவார்கள் என்பது அவருடைய எண்ணம். புதிய கண்டுபிடிப்பு ஒன்று ஊருக்குள் வருவது மட்டும் போதாது, அது எளியவர் கைக்கும் எட்ட வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார்.

லேசர் விடயத்திலும் இதுவே என் நிலைப்பாடு. ஒவ்வொரு கிராமிய வைத்தியசாலைக்கும் விலை கூடிய இந்தக் கருவியை வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ், நியூசிலாந்தின் உதவியுடன், பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் கவனிக்கும் சிகிச்சையாளர்களைப் பயிற்றும் ஏற்பாடு இந்நாட்டில் தொடங்கியது. அந்தச் சேவை எல்லாப் பாடசாலைகளையும் எட்டுமானால், துவாரம் சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிடலாம். சிறிய துவாரத்துக்கு ஊசியும் வேண்டியதில்லை, லேசரும் வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த படியாக, மாகாணத்துக்கு ஓரிடத்திலேனும், அரச போதனா வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் லேசர் கருவி இருக்கட்டும். ஊசியைக் கண்டதும் அலறும் குழந்தைகளுக்கும், விறைப்பு மருந்து ஒவ்வாதவர்களுக்கும், உதட்டை நம்பிப் பிழைக்கும் கலைஞர்களுக்கும் அங்கே முன்னுரிமை கொடுக்கப்படட்டும். புலம்பெயர்ந்து வாழும் ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரங்களுக்கும் பாடசாலைக் கட்டடங்களுக்கும் அள்ளிக் கொடுக்கின்றன. அதில் ஒரு பங்கு பிள்ளைகளின் பற்களுக்கும் போகக் கூடாதா?

அந்த வித்துவான் அஞ்சியது முழுவதும் தவறல்ல. கீழ்த்தாடை ஊசியின் விறைப்பு சில மணி நேரம் இருக்கும். அன்று மாலைக் கச்சேரியை அவர் வாசித்திருக்க முடியாது. ஆனால் மறுநாள் வாசித்திருக்கலாம். ஒரு மாலைப் பொழுதை இழக்க அஞ்சி, மீதிக் காலம் முழுவதையும் அவர் இழந்தார். அந்த அச்சத்தை நிதானமாகக் கேட்டு, விளக்கிச் சொல்ல அன்று எங்கள் ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. பல்லுக்கொதியைப் பொறுத்துக்கொண்டு நாளைக்குப் பார்ப்போம் என்றிருக்கும் வாசகர்களிடம் நான் கேட்பது இவ்வளவே: லேசர் வரும்வரை காத்திராதீர்கள், இந்த வாரமே வைத்தியரிடம் போங்கள்.