ஆழத்தில் யாரைத் தேடுகிறார்கள்?

"நானோ துகள் தோலைத் துளைத்து ஆழத்துக்குப் போகும், பூஞ்சையை வேரோடு அழிக்கும்." கொல்கத்தாவில் மேடையோ விளம்பரத் தாளோ, வருடக்கணக்கில் இதே பாட்டுதான்.

படர்தாமரைப் பூஞ்சை கெரட்டினைத் தின்று பிழைப்பது. அது குடியிருப்பது தோலின் செத்த மேலடுக்கில். உடம்பில் பெரும்பாலான இடங்களில் அந்த அடுக்கின் கனம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். அதையும் தாண்டி இறங்கும் மருந்து அங்கே யாரைத் தேடுகிறதாம்? மயிர்க்கால்களில் பூஞ்சை பதுங்குமே என்பார்கள். பதுங்கட்டும், மருந்து எட்டாததல்ல சிக்கல்; அதைக் கீழே பார்ப்போம்.

ஒட்டுண்ணிக் காய்ச்சலான காலா அசாரில், கொழுப்புக் குமிழில் பொதிந்த லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் சாதித்ததைக் காட்டுவார்கள், அதுவும் அந்நோய்க்கு மருந்து கண்ட உபேந்திரநாத் பிரம்மச்சாரியின் ஊரில். அது ரத்தக்குழாயில் ஏற்றுவது ஐயா! கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஒட்டுண்ணி ஒளிந்திருக்கும் செல்களே அதை விழுங்கிக்கொள்கின்றன. தோலில் தடவுவது வேறு கதை.

புதுமையாவது உண்டா? எக்கோனசோல் என்ற பூஞ்சைமருந்தின் லிப்போசோம் ஜெல் 1988-இலேயே சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது.

மருந்து போய்ச் சேராததா இங்கே பிரச்சினை? டெர்பினாஃபின் என்ற பூஞ்சைமருந்தின் மூலக்கூறு எடை சுமார் 291 டால்டன், கொழுப்பில் கரையும், மேலடுக்கில் தானாகவே சேரும். வாகனம் கேட்கிற மருந்தல்ல அது. சேர்ந்தும் பூஞ்சை சாகவில்லை. ஏன்? அந்த மருந்து முடக்க வேண்டிய ஸ்குவாலீன் எப்பாக்சிடேஸ் நொதியே உருமாறிவிட்டது. 397-ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் போய் லியூசின் உட்கார்ந்திருக்கிறது. பூட்டை மாற்றிய வீட்டுக்குப் பழைய சாவியைப் பல்லக்கில் அனுப்புகிறார்கள். இந்தியர் ஒருவரிடமும் நேபாளி ஒருவரிடமும் எடுத்த இந்தப் பூஞ்சைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது.

இது வளரத் தோதாக நிலத்தைப் பண்படுத்தியதில் பெரும்பங்கு பூஞ்சைமருந்தோடு குளோபெட்டசோல் என்ற ஸ்டீராய்டைக் கலந்த க்ரீம்களுக்கு உண்டு. அரிப்பு அன்றே அடங்கும். தோலின் எதிர்ப்பும் கூடவே அடங்கும். பூஞ்சை நிம்மதியாகப் படரும். கௌசிக் லாஹிரி, அரிஜித் குண்டு போன்ற கொல்கத்தா தோல் மருத்துவர்களே பூச்சு ஸ்டீராய்டுகளின் கேட்டைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதியிருக்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு 14 பூச்சு ஸ்டீராய்டுகளை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. லேக் மார்க்கெட் பக்கம் நான் பார்த்த வரையில் சீட்டைக் கேட்ட கடைக்காரர் இல்லை. இதைச் சொல்ல எந்த நானோ மேடைக்கும் நேரம் இருப்பதில்லை.

924 டால்டன் எடையுள்ள ஆம்ஃபோடெரிசினைத் தோலில் செலுத்த வாகனம் வேண்டும், அதை மறுக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு எல்லாக் களிம்புக்கும் சிறகு கட்டுவதுதான் வியாபாரம்.

படர்தாமரைக்கென்று கடைக்காரர் நீட்டும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசோல் என்று இருந்தால் வாங்காதீர்கள்.