மூலிகைப் பயிருக்கு மரபணு அடக்கும் தெளிப்பு: எமது நிலைப்பாடு

பூச்சியின் மரபணுவை அடக்கிக் கொல்லும் தெளிமருந்தை மூலிகைப் பயிருக்குப் பாவிக்கலாமா? வற்றாப்பளையில் மூலிகை வளர்ப்போரும் அதில் மருந்து செய்வோரும் சேர்ந்த எமது அமைப்பின் பதில்: பரீட்சித்துப் பார்க்கலாம், இப்போதைக்கு விற்பனைக்கு விடக் கூடாது.

அமுக்கிரா இலையைச் சல்லடையாக்குவது எபிலக்னா வண்டு. கத்தரியையும் அதுவே அரிக்கிறது. கத்தரிக்கு அடிக்கும் நஞ்சை அமுக்கிராவுக்கும் அடித்துவிட்டு, அதன் கிழங்கை நோயாளிக்குச் சூரணமாகக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தப் புதிய முறையைக் கேட்டவுடன் தள்ளிவிடவில்லை.

வண்டு உயிர்வாழத் தேவையான ஒரு மரபணுவுக்குப் பொருந்தும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை இலையில் தெளிக்கிறார்கள். இலையைத் தின்ற வண்டின் உடலில் அந்த மரபணு வேலை செய்யாமல் போக, வண்டு சாகிறது. செடியின் மரபணு மாறுவதில்லை. இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்கு ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் 2006இல் நோபல் பரிசு பெற்றார்கள். கொலராடோ உருளைக்கிழங்கு வண்டுக்கான லெட்புரோனா அடங்கிய தெளிப்புக்கு அமெரிக்கா 2023 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. எபிலக்னாவிலும் இம்முறை ஆய்வுகூடத்தில் பலித்திருக்கிறது. அந்துப்பூச்சிப் புழுக்களில் அவ்வளவாகப் பலிப்பதில்லை. எல்லாப் பூச்சிக்கும் இதுவே மருந்து என்று விற்க வருபவரை நம்ப வேண்டாம்.

எங்கள் பெரிய பயம் வேறு. எபிலக்னா பொறிவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அழுக்கணவனைத் தின்று பயிரைக் காக்கும் பொறிவண்டுகளும் அதே குடும்பம். தேர்ந்தெடுக்கும் மரபணுத் துண்டு இரண்டுக்கும் பொதுவாக இருந்துவிட்டால், பகையோடு உறவும் அழியும். ஆகவே எமது தோட்டங்களில் உள்ள பொறிவண்டுகளிலும் தேனீக்களிலும் சோதித்த பிறகே தெளிப்பு வயலுக்கு வரவேண்டும். தெளித்த செடியின் மருந்துச் சத்து குறையவில்லை என்பதையும் காட்டவேண்டும். மூலிகைக்கு விளைச்சலின் நிறை மட்டும் போதாது. தொடர்ந்து அடித்தால் வண்டு பழகிவிடும் என்பதும் உருளைக்கிழங்கு வண்டில் ஆய்வுகூடத்தில் தெரிந்துவிட்டது.

இச்சோதனைகளைக் கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடத்தையும் கைதடியில் சித்த மருத்துவக் கல்வியையும் நடத்தும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் முன்னெடுக்கவேண்டும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வழங்கும் பீடைகொல்லிப் பதிவாளர் அந்த முடிவுகளைத் தமிழிலும் வெளியிட்ட பின்பே அதை வழங்கவேண்டும். 2021இல் அரசு கமக்காரரைக் கேட்காமல் இரசாயன உரத்தையும் பீடைகொல்லியையும் ஒரேயடியாக நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. இடையில் நட்டப்பட்டது கமக்காரர். அனுமதியிலும் அந்த அவசரம் வேண்டாம்.

பரீட்சைப் பாத்திக்கு எமது தோட்டங்களில் இடம் தருகிறோம். சோதனைகள் முடியும்வரை, இலையின் அடியில் முள்ளு முள்ளாய் ஒட்டியிருக்கும் மஞ்சள் புழுக்களைக் காலையிலேயே கையால் பொறுக்கி அழியுங்கள், அழுக்கணவனைத் தின்னும் பொறிவண்டை விட்டுவிடுங்கள்.