நாளைய தினம் ஏற்கெனவே இருக்கிறதா?



வேலையை இழந்த சகோதரனும், தேர்வில் தோல்வியுற்ற மாணவியும், ஸ்கேன் அறிக்கைக்காகக் காத்திருக்கும் தாயும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: "எல்லாம் முன்னமே நிர்ணயிக்கப்பட்டாயிற்றென்றால், நான் ஏன் பிரயாசப்பட வேண்டும்? ஏன் ஜெபிக்க வேண்டும்?" இக்கேள்விக்கு விஞ்ஞானத்தின் பெயராலும் வலுச் சேர்க்கப்படுகிறது. ஆகவே விஞ்ஞானம் மெய்யாகவே என்ன சொல்லுகிறதென்று இம்மாதம் சிந்திப்போம்.

காலம் எங்கும் ஒரே சீராக ஓடுகிறது என்று ஐசக் நியூட்டன் 1687இல் எழுதினார். ஐன்ஸ்டீன் 1905இலும் 1915இலும் வெளியிட்ட கோட்பாடுகள் அக்கருத்தை மாற்றின. விரைந்து செல்லும் கடிகாரம் மெதுவாக ஓடும். ஈர்ப்பு குறைந்த உயரத்திலோ அது விரைவாக ஓடும். 1971இல் ஹாஃபெலே, கீட்டிங் என்னும் இரு அமெரிக்கர் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் உலகைச் சுற்றி எடுத்துச் சென்று இவ்வேறுபாட்டை அளந்தனர். உங்கள் கைப்பேசிக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி முந்தக்கூடியவை. ஆகையால் அவற்றைச் சற்று மெதுவாக ஓடும்படி அமைத்தே விண்ணுக்கு அனுப்புகின்றனர்.

அப்படியானால் "இப்பொழுது" என்பது எல்லாருக்கும் பொதுவானதன்று. தொலைதூர நிகழ்ச்சியொன்று ஒருவரின் கணக்கில் நடந்து முடிந்ததாகவும், அவரைக் கடந்து செல்லும் மற்றொருவரின் கணக்கில் இனி நடக்கப்போவதாகவும் இருக்கக்கூடும். 1908இல் மின்கோவ்ஸ்கி இடத்தையும் காலத்தையும் ஒன்றாக இணைத்துக் காட்டினார். இதைக்கொண்டு நேற்றும் இன்றும் நாளையும் ஒருங்கே இருக்கின்றன என்று அறிஞர் சிலர் கூறுகின்றனர். மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் சோலாப்பூரில் நிற்கையில், குண்டக்கல் பயணிக்கு இனி வரவேண்டிய ஊர்; ஆயினும் அது அங்கே இருக்கத்தான் செய்கிறது. எதிர்காலமும் அவ்விதமே என்பது அவர்கள் வாதம்.

ஆனால் இது முடிந்த தீர்ப்பு அன்று. மருத்துவமனை ஸ்கேனில் பயன்படும் டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளில் பாதி அணுக்கள் ஏறத்தாழ 6 மணி நேரத்தில் சிதைந்துவிடும். குறிப்பிட்ட ஓர் அணு எந்த நொடியில் சிதையும் என்பதையோ எந்தக் கணக்காலும் சொல்ல இயலாது. இத்தகைய காரணங்களால், எதிர்காலம் இன்னும் உருவாகவில்லை, கணந்தோறும் உருவாகி வருகிறது என்று தென்னாப்பிரிக்க அண்டவியல் அறிஞர் ஜார்ஜ் எல்லிஸ் வாதிடுகிறார். எவர் வாதம் வென்றாலும், நாளைய செய்தியை இன்றே பெறும் வழி எதையும் இயற்பியல் காட்டவில்லை. ஜாதகக்காரனுக்கு இதில் பங்கில்லை!

அப்படியிருக்க, தேவன் முன்னறிவதால் நாம் கட்டுண்டவர்களா? சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த போயேத்தியுஸ் என்னும் கிறிஸ்தவ அறிஞர் இதை ஆராய்ந்தார். ஒருவன் நடப்பதை நான் காண்பதால் அவன் நடக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவதில்லை. அவ்வாறே, எல்லாக் காலத்தையும் ஒருங்கே காணும் தேவனுடைய பார்வை நம் தெரிந்தெடுப்பைப் பறிப்பதில்லை என்றார்.

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கப்பலிலிருந்த 276 பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று பவுலுக்கு முன்னறிவிக்கப்பட்டாயிற்று. ஆயினும் கப்பலாட்கள் படகில் தப்பியோட முயன்றபோது, இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்ற பொருள்பட அவர் எச்சரித்தார். போர்ச்சேவகர் படகின் கயிறுகளை அறுத்துவிட்டனர். வாக்குத்தத்தம் உறுதியாயிருந்தது, கயிற்றை அறுப்பதும் அவசியமாயிருந்தது.

ஆகவே பிரியமானவர்களே, "தலையெழுத்து" என்று சொல்லிக் கைகளைத் தளரவிடாதிருங்கள். அடுத்த விண்ணப்பத்தை எழுதுங்கள், மீண்டும் தேர்வெழுதுங்கள், மருத்துவரின் ஆலோசனையைக் கைக்கொள்ளுங்கள், முழங்காலில் நில்லுங்கள். நாளைய தினம் நமக்கு மறைவானது. அதைக் காண்கிறவருக்கோ நாம் மறைவானவர்கள் அல்லர்.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.