மவுஸை ஆட்டுறதுக்குப் பேரு ஆட்டோமேஷனா?

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடக்குறதை இன்னிக்கு கொட்டிடறேன்.

ஆபீஸ் ஆணியைக் குறைக்க ஆட்டோஹாட்கீல ஸ்கிரிப்ட் எழுதுறீங்க, சந்தோஷம். ஆனா "திரையில 412, 230-ல கிளிக் பண்ணு, ரெண்டு செகண்ட் சும்மா இரு, என்டர் தட்டு"ன்னு எழுதுறீங்க பாருங்க... அது ஆட்டோமேஷன் இல்ல சாமி, கண்ணைக் கட்டிக்கிட்டு உறியடிக்கறது.

மானிட்டர் மாறினா போச்சு. ஸ்கேலிங் 100-லேர்ந்து 125 ஆனா போச்சு. நடுவுல ஒரு அப்டேட் ஜன்னல் எட்டிப் பார்த்தா உங்க என்டர் அங்க போய் விழும். பெரிய கொடுமை, எர்ரரே வராது! தப்பான கட்டத்துல தப்பான தொகை கம்முனு உட்கார்ந்திருக்கும். எழுதின நீங்க வேற கம்பெனிக்குப் போயிருப்பீங்க. மாசக் கடைசியில திட்டு வாங்குறது கணக்குப் பிரிவுல இருக்கற அப்பாவி.

எக்சலையே எடுத்துக்குங்க. 2007-ல மெனுவைத் தூக்கிட்டு ரிப்பனைக் கொண்டு வந்தாங்க. மெனு இருந்த இடத்தை நம்பின ஸ்கிரிப்டெல்லாம் காலி. காம் வழியா வொர்க்புக்கைத் திறந்து ரேஞ்சுல எழுதினவங்க பாட்டுக்கு நிம்மதியா தூங்கினாங்க. 1993-ல எக்சல் 5-ல வந்த அந்த அடித்தளம் இன்னிக்கும் ஓடுது.

"அதுவும்தான் உடையுதே"ம்பீங்க. உண்மைதான். அதே 2007-ல ஃபைல்சர்ச்சை எடுத்துட்டாங்க. 2024-ல எல்லாருக்கும் வந்த புது அவுட்லுக்ல காம் கிடையவே கிடையாது. இதுக்காக மைக்ரோசாஃப்டை திட்டணும்னா முதல் ஆளா நான் வரேன். ஆனா ஒண்ணு, காம் உடைஞ்சா கூப்பிட்ட இடத்துலயே எர்ரர் போட்டு நிக்கும். சத்தம் போட்டு உடையறதை அன்னிக்கே சரி பண்ணலாம். சத்தமில்லாம கெடறதை ஆடிட்டர் வந்துதான் கண்டுபிடிக்கணும்.

லினக்ஸ்காரங்களும் சிரிக்க வேணாம். எக்ஸ்11-ல எந்த புரோகிராமும் எந்த ஜன்னலுக்கும் சாவியைத் தட்டி அனுப்பலாம். அந்த ஓட்டையை வேலேண்ட் வேணும்னேதான் அடைச்சுது. எக்ஸ்டூடூலை நம்பினவங்க அம்போ. டி-பஸ் வழியா பேசினவங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகலை.

அதனால வரிசை இதுதான்: முதல்ல அதிகாரபூர்வ இடைமுகம் அல்லது கமாண்ட் லைன். இல்லையா, யூஐ ஆட்டோமேஷன்ல பட்டனை அதோட அடையாளத்தை வச்சுப் பிடிங்க. அதுவும் இல்லன்னா கீபோர்டு ஷார்ட்கட். திரைப் புள்ளிக்கு நேரா கிளிக் பண்றது கடைசிக்கும் கடைசி. அப்பவும் எழுதின தொகையைத் திரும்பப் படிச்சு சரிபார்க்காம அடுத்த வரிக்குப் போகாதீங்க.

"அஞ்சு நிமிஷத்துல முடிச்சேன்"னு பெருமை பேசறவங்களுக்கு ஒரே கேள்வி: அந்த ஸ்கிரிப்டை உங்க சம்பளக் கணக்குக்கு ஓட்ட சம்மதிப்பீங்களா?