கேசினோ ரிசப்ஷன்: யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கு லாபம்?

கல்யாண வரவேற்பை 'கேசினோ தீம்' வைத்து நடத்தும் மோகம் பெருநகரங்களைத் தாண்டி நம் பக்கமும் எட்டிப் பார்க்கிறது. ஐ.டி. வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் சிலர் பாளையங்கோட்டையில் மண்டபம் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுகிறார்கள். "இதில் என்ன தோழர் தப்பு?" என்று எங்களிடமே கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதி வைக்கிறோம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: மண்டப வாசலில் ஆளுயரச் சீட்டுக்கட்டு அட்டைகள். அதில் ராஜாவாக மாப்பிள்ளை, ராணியாகப் பெண். உள்ளே பச்சைத் துணி விரித்த மேசைகள், சுழலும் ரூலெட் சக்கரம், சீட்டுப் போட கோட்டு சூட்டு மாட்டிய பையன்கள். வருகிறவர்கள் கையில் மாப்பிள்ளை படம் அச்சடித்த பொய் நோட்டு ஒரு கட்டைக் கொடுத்து, அதை வில்லைகளாக மாற்றி ஆட விடுவார்கள். கடைசியில் அதிக வில்லை வைத்திருப்பவருக்கு ஒரு பரிசு. நிஜப் பணம் புரளாததால் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி யாரும் வழக்குப் போடப் போவதில்லை. எல்லாம் விளையாட்டு, படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான் என்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகளோடு பேசுவதற்கு முன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. "இவனுகளுக்கு எதுக்குவே இந்த ஆடம்பரம்?" என்று டீக்கடையில் கேட்கிறார்களே, அவர்களிடம்தான். அந்தக் கேள்வி இன்று முளைத்ததல்ல.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. அது போதாதென்று 1931இல் பட்டியல் பதினொன்றாக நீண்டது. அந்த இரண்டாம் பட்டியல் நேராக நம் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தது: கல்யாணத்தில் மேளம் கூடாது, மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது, பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றி அதில் தூக்கிப் போ. இதை எழுதி வைத்தவர் நம் ஆள் அல்ல. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன்.

வடக்கேயும் இதே கதைதான். 1936இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில் தீண்டப்படாதவர் ஒருவர் தீர்த்த யாத்திரை முடித்து வந்து தன் சாதியாருக்கு விருந்து வைத்தார். சோற்றில் நெய் ஊற்றினார். அதுதான் குற்றம். பந்தி நடக்கும்போதே தடிகளோடு வந்து சோற்றை நாசம் செய்து ஆட்களை அடித்தார்கள். அண்ணல் அம்பேத்கர் இதை 'சாதி ஒழிப்பு' நூலில் பதிவு செய்திருக்கிறார். தீண்டப்படாதவன் நெய் வாங்கக் காசு வைத்திருந்தாலும் ஊற்றிச் சாப்பிட உரிமை இல்லை என்பதே அந்தத் தடிகள் சொன்ன செய்தி.

இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தை எடுத்துப் படிக்கட்டும். பட்டியல் சாதியினரின் கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பதும், மாப்பிள்ளை குதிரையிலோ வண்டியிலோ ஏறுவதைத் தடுப்பதும் குற்றம் என்று அதில் தனியாக எழுத வேண்டியிருந்தது. 1931க்கும் 2015க்கும் இடையே 84 ஆண்டுகள். குதிரை இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. கல்யாண மண்டபத்தில் நமக்கு என்ன நடக்கும் என்பதைத் 'பரியேறும் பெருமாள்' 2018இல் திரையில் காட்டியது. தோழி கூப்பிட்டாள் என்று கல்யாணத்துக்குப் போன பையனை அறைக்குள் அடைத்து அடிக்கிறார்கள். படம் பார்த்த நெல்லைக்காரர்கள் யாரும் இது எந்த ஊரில் நடக்கும் என்று கேட்கவில்லை.

ஆகவே சிக்கனத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க ஆதிக்க சாதிக்காரர் எவருக்கும் தகுதி கிடையாது. நூறு சவரன், காரு, மண்டபம் முதல் மெயின் ரோடு வரை பிளெக்ஸ் என்று தங்கள் வீட்டில் இறைத்துவிட்டு, நம் தெருவில் சீரியல் செட் போட்டால் கண் எரிகிறவர்கள் அவர்கள். மேளம் மறுக்கப்பட்டவன் வீட்டில் மேளம் கொட்டுவது ஆடம்பரம் அல்ல, கணக்குத் தீர்ப்பது. இதில் எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இனி நம் பிள்ளைகளோடு பேசுவோம்.

குதிரை மறுக்கப்பட்டது, ஏறுகிறோம். நெய் மறுக்கப்பட்டது, ஊற்றுகிறோம். ஆனால் கேசினோ எப்போது நமக்கு மறுக்கப்பட்டது? நம்மைச் சூதாடாதே என்று எந்தப் பண்ணையார் தடுத்தார்? குடிக்காதே, சீட்டாடாதே, கடன் வாங்காதே என்று எந்தக் காலத்திலும் அவர்கள் நம்மிடம் சொன்னதில்லை. அந்த மூன்றும் நம் தெருவில் நடந்தால் மறுநாள் கூலிக்கு ஆள் சுலபமாகக் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மறுக்கப்பட்டதைப் பறித்தெடுப்பது விடுதலை. நம்மை அழிக்க வைத்ததையே அலங்காரமாக்குவதற்கு என்ன பெயர்?

"பொய்ப் பணம்தானே, யாருக்கு நஷ்டம்?" என்கிறீர்கள். வில்லை பொய். நோட்டு பொய். மண்டப வாடகையும் இவெண்ட் கம்பெனிக்காரர் நீட்டும் பில்லும் பொய்யா? அந்த மேசை, அந்தச் சக்கரம், அந்தக் கோட்டுப் பையன்கள், அந்த விளக்கு எல்லாவற்றுக்கும் நிஜப் பணம்தான் போகிறது.

அந்தச் சக்கரத்தின் கணக்கையே பார்ப்போம். ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள், கூட ஒரு பூஜ்யம். 37 குழியிலும் ஆளுக்கு நூறு ரூபாய் வைத்தால் மேசையில் 3,700 ரூபாய். பந்து எந்தக் குழியில் விழுந்தாலும் திரும்பி வருவது 3,600. நூறு ரூபாய் விடுதிக்காரனுக்கு. ஆடுகிறவர் மாறலாம், ஜெயிக்கிறவர் மாறலாம், அந்த நூறு ரூபாய் மாறாது. நூற்றுக்கு 2.7 என்ற இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் உலகத்துச் சூதாட்ட விடுதிகள் கோபுரம் கட்டின.

இப்போது நம் ஊர்க் கணக்கு. பத்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் பத்து, வருடத்துக்கு 120. ஐந்து லட்சம் மூன்று வட்டிக்கு எடுத்தால் மாதம் 15,000, வருடத்துக்கு 1,80,000 வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கைப் பார்த்தால் சூதாட்ட விடுதி நடத்துகிறவன் நம் கந்துவட்டிக்காரனிடம் வந்து தொழில் படிக்க வேண்டும்.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. குறைதீர்க்கும் நாள். காசிதர்மத்திலிருந்து வந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீயில் எரிந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். வாங்கிய கடன் 1.45 லட்சம், கட்டியது 2.34 லட்சம், அதற்கு மேலும் கேட்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. மனு மேல் மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. கந்துவட்டித் தடைச் சட்டம் வந்து அப்போது பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த நான்கு உயிர்களின் கடன் என்னவென்று நினைக்கிறீர்கள்? கேசினோ தீமுக்கு இவெண்ட் கம்பெனி கேட்கும் தொகைக்கும் அதற்கும் பெரிய தூரம் இருக்காது.

"மொய் வரும், அடைத்துவிடலாம்" என்பார்கள் பெரியவர்கள். மொய் நோட்டைத் திறந்து பாருங்கள். மொய் என்பது நாம் செய்த செய்முறை திரும்பி வருவது. நிலமும் கடையும் உள்ள சாதியில் பத்தாயிரம் வைத்தவனுக்குப் பத்தாயிரம் வரும். நம் சொந்தம் பீடி சுற்றுகிறது, செங்கல் சூளையில் வேகிறது, துப்புரவுப் பணிக்குப் போகிறது. அவர்கள் நூறும் இருநூறும் சுருட்டி வைப்பார்கள், அதுவும் கைமாற்று வாங்கி. சொந்தக்காரன் கையில் இல்லாததை நம்பித்தான் வட்டிக்காரனிடம் கையெழுத்துப் போடுகிறோம்.

கல்யாணத்துக்கு முன்னே ஆற்றங்கரையில் நின்று போட்டோ எடுக்கிறீர்கள். கொக்கிரகுளம் பக்கம், சுலோசன முதலியார் பாலம் பின்னால் தெரிய, தாமிரபரணியைப் பார்த்தபடி. நல்ல இடம்தான். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கூலி கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தவர்களைக் காவல்துறை அந்தக் கரையில்தான் விரட்டி அடித்தது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் அந்தத் தண்ணீரில் செத்தார்கள். அவர்கள் கேட்டது ஜாக்பாட் அல்ல, நாள் கூலியில் சில ரூபாய் கூடுதல். அந்த மலையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை 2024இல் விருப்ப ஓய்வு என்று சொல்லி இறங்கச் சொன்னார்கள். ஒரு ஆயுள் உழைப்புக்கு நம் வீடுகளில் கடைசியாக வந்து சேரும் பணம் அந்த மாதிரிப் பணம்தான். அப்பாவின் பி.எப்., அம்மாவின் சங்கக் கடன், அக்காவின் கம்மல். அதை ஒரு ராத்திரி மேசையில் பரப்பி, "நாங்கள் விளையாடுகிறோம்" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

சூது நம் பெண்களுக்குப் புதிதல்ல. கல்யாண வீட்டு முந்தின நாள் ராத்திரியில் பந்தலுக்குப் பின்னால் வெட்டுச்சீட்டு போட்டு, விடியும்போது மோதிரத்தைத் தோற்றுவிட்டு வந்தவர்களின் பெண்டாட்டிகளைக் கேளுங்கள். லாட்டரியை 2003இல் இந்த அரசு தடை செய்தது சும்மாவா? கைப்பேசி ரம்மியில் பணத்தையும் உயிரையும் விட்டவர்கள் பெருகியதால்தானே 2022 அக்டோபரில் சட்டமன்றம் தடை மசோதா நிறைவேற்றியது? ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் அதையே மறுபடி நிறைவேற்ற வேண்டியிருந்தது. வெளியே தடை கேட்டுப் போராடிவிட்டு, மண்டபத்துக்குள் அதற்குத் தோரணம் கட்டுவதா?

மகாபாரதத்தில் தருமர் என்று பெயர் வைத்துக்கொண்டவர் பெண்டாட்டியைப் பணயம் வைத்தார். அது அவர்கள் கதை. நம் மரபில் வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கி, அதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில் வைத்தார். பண்டிதர் அயோத்திதாசரும் அண்ணலும் நமக்கு மீட்டுக் கொடுத்த புத்தர், சிகாலன் என்ற வீட்டுப் பிள்ளைக்குச் சூதாட்டத்தின் ஆறு கேடுகளை எண்ணிச் சொல்கிறார். ஆறாவது என்ன தெரியுமா? சூதாடிக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண்டாட்டியைக் காப்பாற்ற அவனால் முடியாது என்பது. நாமோ கல்யாணத்தையே சூதாட்ட விடுதியாக ஜோடிக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் சில பிள்ளைகளுக்குக் கல்யாணமே உயிரைப் பணயம் வைக்கும் காரியம். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில், சாதி கடந்து காதலித்த நம் பிள்ளை ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். படித்தவர், நல்ல வேலையில் இருந்தவர். படித்தால், சம்பாதித்தால் சாதி விட்டுவிடும் என்று நம்பிய நம் வீடுகள் அன்றைக்கு உறைந்து போயின. அதே நகரத்தில் மண்டபம் பிடித்து 'அதிர்ஷ்டம் யார் பக்கம்?' என்று சக்கரம் சுற்றப் போகிறோமா? சாதி என்கிற மேசையில் அந்தப் பூஜ்யம் யாருக்கு என்று இன்னுமா தெரியவில்லை?

அப்படியானால் கல்யாணத்தை அழுகையாக நடத்தச் சொல்கிறோமா? இல்லவே இல்லை. கொண்டாடுங்கள். இழவுக்கு மட்டும் அடி என்று கட்டாயப்படுத்திய பறையை நம் சந்தோஷத்துக்கு நாமே அடிப்போம். குதிரை கொண்டு வாருங்கள், ஊர்ப் பொதுத் தெரு வழியாகவே வாருங்கள். மாட்டுக்கறி பிரியாணி போடுங்கள், வயிறு நிறையப் போடுங்கள். புரோகிதர் இல்லாமல் நடந்த கல்யாணமும் செல்லும் என்று 1967இலேயே அண்ணா சட்டம் கொண்டுவந்துவிட்டார், அதைப் பயன்படுத்துங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் சமமாக உட்காருங்கள். 1942இல் நாக்பூரில் நம் பெண்களிடம் அண்ணல், கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், கல்யாணம் ஒரு பொறுப்புச் சுமை என்று சொன்னார். அந்தச் சுமையோடு வட்டியையும் சேர்த்து மருமகள் தலையில் ஏற்றாதீர்கள்.

நம் அமைப்புத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வட்டிக்கு வாங்கி நடத்துகிற கல்யாணத்துக்குத் தலைமை தாங்கி, மைக் பிடித்து "விடுதலை" பேசுவதை நிறுத்துவோம். பத்திரிகை வைக்க வருகிறவரிடம் "பணம் எங்கேயிருந்து?" என்று கேட்கிற உரிமையை எடுத்துக்கொள்வோம். கேட்டால் கோபப்படுவார்கள். கோபப்படட்டும்.

மண்டபம் பேசப் போகிறவர்கள் அதற்கு முன் எங்களிடம் வாருங்கள். சாதி கேட்டு மண்டபம் மறுத்தால் புகார் எழுத வருகிறோம். ஊர்வலத்தை மறித்தால் முன்னால் நடக்கிறோம். காதலித்து வந்த பிள்ளைகளுக்குப் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட எந்த ராத்திரியில் கூப்பிட்டாலும் வருகிறோம். வட்டிக்காரன் வாசலுக்கு மட்டும் வரமாட்டோம். நீங்களும் போகாதீர்கள்.

ஜெய்பீம்!