நின்றுபோனவருக்கு மறுபடியும் ஓர் இடம்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 15:36–41, 2 தீமோத்தேயு 4:11



நம்முடைய சபைகளில் ஓட்டப்பந்தயத்தைப் பற்றிப் பேசாத மாதம் இல்லை. முதிர்ந்த வயதில் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தால், அவர் தமது ஓட்டத்தை முடித்தார் என்று அடக்க ஆராதனையில் சாட்சி சொல்லுகிறோம். வாலிபர் கூட்டங்களிலும் பரிசுக்காக ஓடுங்கள் என்றே போதிக்கிறோம். அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கும் தீமோத்தேயுவுக்கும் எழுதிய நிருபங்களில் கையாண்ட உவமை அது. ஆகையால் அது நமக்கு மிகவும் பழகிப்போயிற்று.

ஆனால் ஓடி முடித்தவர்களைக் குறித்தே நாம் பேசுகிறோம். பாதி வழியில் நின்றுபோனவரை என்ன செய்வது என்ற கேள்வியை அநேகமாக எழுப்புவதில்லை. நம்முடைய தெருக்களிலும், ஆலயத்தின் கடைசி வரிசையிலும், சில மாதங்களாக ஆலயத்துக்கே வராத வீடுகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த வாரம் அந்தக் கேள்வியை, உலகம் பார்த்த ஓர் ஓட்டத்தின் வழியாகச் சிந்திக்க விரும்புகிறேன். அதில் இடம்பெற்ற இருவர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் என்பது இன்னும் ஒரு காரணம்.

ஆடவர் 4 x 400 மீட்டர் தொடர் ஓட்டத்தை உங்களில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். நான்கு பேர் ஓடுகிறார்கள். ஒவ்வொருவரும் மைதானத்தை ஒரு முறை முழுமையாகச் சுற்றி வருகிறார். 400 மீட்டர் என்பது நிதானித்து ஓடும் ஓட்டமல்ல. அதுவும் விரைவோட்ட வகையைச் சேர்ந்ததே. கடைசி நூறு மீட்டரில் கால்கள் கல்லாகிவிடும் என்று ஓடியவர்கள் சொல்லுவார்கள். ஒருவர் ஓடி முடித்ததும், 20 மீட்டர் நீளமுள்ள ஓர் எல்லைக்குள் கையிலுள்ள கோலை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லைக்கு வெளியே கைமாறினால் அணி முழுவதும் தகுதி இழக்கும். ஒருவர் நின்றுபோனால் மற்ற மூவரின் பலமும் பயனற்றதாகிவிடும். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே நேரம், ஒரே முடிவு.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் புடாபெஸ்ட் நகரில் உலகத் தடகளப் போட்டி நடைபெற்றது. தகுதிச் சுற்றில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஆகிய நால்வரும் 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி, அமெரிக்க அணிக்கு அடுத்ததாக வந்து, ஆசிய சாதனை படைத்தார்கள். மறுநாள் இறுதிப் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றார்கள். அந்த நால்வரில் ராஜேஷ் ரமேஷ் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர். சில வாரங்களுக்குப் பின் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே அணி தங்கப் பதக்கம் வென்றது. தேசம் அவர்களைக் கொண்டாடியது.

அதற்கு அடுத்த மே மாதம் பஹாமாஸ் தீவின் நாசோ நகரில் உலகத் தொடர் ஓட்டப் போட்டி நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் செல்லும் பதினாறு அணிகளில் பதினான்கு அங்கேயே தீர்மானிக்கப்படும். முதல் நாளில் இரண்டாவதாக ஓடியவர் ராஜேஷ். ஓட்டத்தின் நடுவே தசைப்பிடிப்பு ஏற்பட்டு, அவரால் தொடர முடியவில்லை. மூன்றாம் ஓட்டக்காரருக்குக் கோல் போய்ச் சேரவில்லை. முந்தைய ஆண்டு ஆசியாவிலேயே வேகமாக ஓடிய அணியின் பெயருக்கு எதிரே, ஓட்டத்தை முடிக்கவில்லை என்று எழுதப்பட்டது.

மறுநாள் இன்னொரு வாய்ப்பு இருந்தது. மூன்று பந்தயங்கள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகளுக்கு மட்டும் ஒலிம்பிக் வாய்ப்பு. ராஜேஷுக்குப் பதிலாக ஆரோக்கிய ராஜீவ் களமிறக்கப்பட்டார். திருச்சி மாவட்டம் லால்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, இந்திய ராணுவத்தில் பணியாற்றும் இவருக்கு அப்போது 33 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. விரைவோட்டக்காரருக்கு அது இளம் வயதன்று. 2014-இல் இன்சியான் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றவர். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் இவர் ஓடிய தொடர் ஓட்ட அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது. டோக்கியோவில் இவரும் தோழர்களும் 3 நிமிடம் 0.25 விநாடியில் ஓடி அன்றைய ஆசிய சாதனையைப் படைத்தும், எட்டு அணிகள் மட்டும் செல்லும் இறுதிப் போட்டிக்கு ஒன்பதாவது அணியாக வெளியே நின்றார்கள். ஓட்டம் கைகூடாமற்போவதன் வேதனை இவருக்குப் புதிதன்று.

நாசோவில் இரண்டாம் நாள் அனஸ், அஜ்மல், ராஜீவ், அமோஜ் ஆகிய நால்வரும் 3 நிமிடம் 3.23 விநாடியில் ஓடி, அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தார்கள். இந்தியாவுக்குப் பாரிஸ் வாய்ப்பு கிடைத்தது.

இனி நடந்ததைக் கவனியுங்கள். பாரிஸுக்குச் செல்லும் அணியின் பட்டியல் வெளியானபோது ஆரோக்கிய ராஜீவின் பெயர் அதில் இல்லை. ராஜேஷ் ரமேஷின் பெயர் இருந்தது. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள், பாரிஸ் மைதானத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் ராஜேஷும் ஒருவர். மூத்தவர் வாங்கிக்கொடுத்த வாய்ப்பில் இளையவர் ஓடினார். மூன்று மாதங்களுக்கு முன் நின்றுபோனவருக்கு மறுபடியும் ஓர் இடம் இருந்தது.

தேர்வாளர்கள் இரக்கங்கொண்டு அவரைச் சேர்த்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விளையாட்டு உலகம் நேரத்தையும் உடற்தகுதியையும் பார்த்தே ஆட்களைத் தெரிந்தெடுக்கும். என்னைச் சிந்திக்க வைப்பதும் அதுவே. விநாடியின் நூற்றில் ஒரு பங்கைக்கூட மன்னியாத அந்த உலகம், ஒரு நாளில் நின்றுபோனதை வைத்து ஒருவருடைய கணக்கை மூடிவிடவில்லை. கிருபையைப் பிரசங்கிக்கிற திருச்சபையோ, பல வேளைகளில் மூடிவிடுகிறது. இது சரியன்று என்பதே என் துணிபு.

நம் பகுதியையே பாருங்கள். தென்காசியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் விடியுமுன் மைதானங்களில் பிள்ளைகள் ஓடிப் பழகுகிறார்கள். காவலர் தேர்வில் 1500 மீட்டரை ஏழு நிமிடத்திற்குள் ஓட வேண்டும். சில விநாடிகள் பிந்தியதால் வெளியேறி வீடு திரும்பும் பிள்ளைக்கு, அதன்பின் ஓடுவதைவிடத் தெருவில் நடப்பதே கடினமாகிவிடுகிறது. என்னாயிற்று என்று கேட்பவர்களில் நம் சபையாரும் உண்டு. கேட்பது பிழையன்று, ஆனால் அந்தக் கேள்வியில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருப்பதை அந்தப் பிள்ளை உணர்ந்துகொள்ளுகிறான். அடுத்த ஞாயிறு அவன் ஆலயத்துக்கு வராதபோது, விசுவாசத்தில் குளிர்ந்துபோனான் என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

ஓய்வுநாள் பள்ளியில் வருடக்கணக்காகக் கற்பித்த சகோதரி, வீட்டில் ஏற்பட்ட துயரத்தினால் சில மாதங்கள் வராமலிருந்தால், திரும்பி வரும்போது அவருக்கு வகுப்பு இருக்கிறதா? கடனில் சிக்கியவர், பிள்ளையின் மணவாழ்க்கை முறிந்ததால் தலைகுனிந்தவர், குடிப்பழக்கத்தில் விழுந்து மீண்டும் எழ முயலுகிறவர் ஆகியோர் பாடகர் குழுவிலோ வாலிபர் ஐக்கியத்திலோ பழைய இடத்தைக் கேட்க அஞ்சுகிறார்கள். நாமாக அழைத்தாலொழிய அவர்கள் கேட்கமாட்டார்கள்.

தசைப்பிடிப்பும் பாவமும் ஒன்றாகுமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தசைப்பிடிப்பு ஒருவருடைய குற்றமன்று. நாம் குற்றவாளிகளைப் போல நடத்துகிற பலரும் உண்மையில் தசைப்பிடிப்பினால் நின்றவர்களே. அவர்களால் முடியவில்லை, அவ்வளவுதான். பேசோர் ஆற்றங்கரையில் தாவீதின் மனிதரில் இருநூறு பேர் களைத்துப்போய், ஆற்றைக் கடக்க இயலாமல் நின்றார்கள். போருக்குச் சென்று திரும்பியவர்களில் சிலர், நின்றுபோனவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கொடுக்கலாகாது என்றார்கள். தாவீது அதற்கு இணங்கவில்லை. சென்றவருக்கும் தங்கினவருக்கும் சமபங்கு என்பதை இஸ்ரவேலுக்குப் பிரமாணமாகவே ஏற்படுத்தினான்.

உண்மையாகவே தவறிப்போனவருடைய காரியம் என்ன? அதற்கும் வேதத்தில் ஒருவர் இருக்கிறார். மாற்கு என்னும் யோவான், பவுலோடும் பர்னபாவோடும் முதல் மிஷனெரிப் பயணத்துக்குப் புறப்பட்டு, பம்பிலியாவில் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப்போனான். ஏன் திரும்பினான் என்று வேதம் சொல்லவில்லை. இரண்டாம் பயணத்தில் அவனையும் அழைத்துச்செல்லலாம் என்று பர்னபா விரும்பினான். பவுல் மறுத்தான். கடுங்கோபம் மூண்டு இருவரும் பிரிந்தார்கள். ஊழியத்தின் பொறுப்பைப் பற்றிக் கவலைப்பட்ட பவுலின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பர்னபா மாற்குவைச் சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினான்.

பவுல் தன் ஓட்டத்தை முடித்ததாக எழுதிய அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, மாற்குவை அழைத்துவரும்படி தீமோத்தேயுவைக் கேட்டுக்கொள்ளுகிறான். ஊழியத்தில் அவன் தனக்குப் பிரயோஜனமானவன் என்கிறான். ஒருகாலத்தில் வேண்டாம் என்று தள்ளினவனைக் கடைசிக் காலத்தில் பெயர் சொல்லித் தேடினான். நடுவிலிருந்த ஆண்டுகளில் மாற்குவின் இடத்தை யாரோ காத்து வைத்திருந்தபடியால் அல்லவா இது கூடிற்று? அந்த வேலையைப் பர்னபா தொடங்கிவைத்தான். அதற்குப்பின் அப்போஸ்தலருடைய நடபடிகளில் பர்னபாவின் பெயர் வருவதேயில்லை என்பதையும் நினைத்துப்பாருங்கள்.

இங்கே சபையின் மூத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரோக்கிய ராஜீவ் நாசோவில் செய்ததைப் போன்ற ஊழியம் நமக்கு அவசியமாயிருக்கிறது. இளையவர் தடுமாறும்போது, அவருடைய இடத்தில் நின்று வேலை குலையாமல் காப்பது பெரியவர்களின் பொறுப்பு. ஆனால் அந்த இடத்தை நிரந்தரமாகப் பற்றிக்கொள்ளுவது வேறு காரியம். சில மாதங்களுக்கென்று ஏற்ற பொறுப்பு இருபது ஆண்டுகளாகிவிடுவதை நம் சபைகளில் காண்கிறோம். நான் இல்லாவிட்டால் அன்று என்னவாகியிருக்கும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நினைவூட்டுகிறவர், இளையவருக்குச் செய்த உதவியைக் கடனாக மாற்றிவிடுகிறார். கோலைப் பிடித்திருப்பது அடுத்தவர் கையில் வைப்பதற்காகவே.

முடிவாக ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாரிஸில் இந்திய அணி இறுதிப் போட்டிக்குச் செல்லவில்லை. 3 நிமிடம் 0.58 விநாடியில் ஓடி வெளியேறினார்கள். திரும்பி வந்தவர் பதக்கம் வென்றார் என்று முடிகிற கதை இதுவன்று. அதனாலேயே இது நமக்கு ஏற்ற பாடம். வெற்றி கிடைக்கும் என்ற நிச்சயம் இருந்தால், விழுந்தவரை யாரும் சேர்த்துக்கொள்ளுவார்கள். அதற்குக் கிருபை தேவையில்லை. நாம் மீண்டும் வகுப்பைக் கொடுத்த ஆசிரியை மறுபடியும் சோர்ந்துபோகலாம். குடியை விட்டவர் மறுபடியும் தவறலாம். காவலர் தேர்வுக்கு மறுமுறை ஓடுகிற பிள்ளை மறுபடியும் பிந்தலாம். அப்பொழுதும் அவர்களுக்கு இடம் கொடுத்தது சரியானதே. நம்முடைய ஆண்டவர் நம்மைச் சேர்த்துக்கொண்டது, இனி இடறமாட்டோம் என்று நாம் எழுதிக்கொடுத்த பத்திரத்தின் பேரில் அல்லவே.

பிரியமானவர்களே, குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் வெளியூர் உறவினர்களுக்காக வீடுகளைத் திறந்துவைக்கிறோம். பாய்விரித்து, உணவு சமைத்துக் காத்திருக்கிறோம். நம் தெருவிலேயே இருந்துகொண்டு வராமற்போனவர் ஒருவரை இந்த வாரம் நினைத்துப்பாருங்கள். அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். அவர் முன்பு செய்த வேலையைக் குறிப்பிட்டு, அது இன்னும் அவருக்காக இருக்கிறது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லுமுன், அது உண்மையாகவே இருக்கும்படி சபையில் ஏற்பாடு செய்யுங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள ஆண்டவரே, நின்றுபோனவர்களை நீர் மறப்பதில்லை. அவர்களுடைய இடத்தைக் காத்து வைக்கிற பொறுமையை எங்களுக்குத் தாரும். அவர்கள் வரும்போது விலகிக்கொடுக்கிற தாழ்மையையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலமாய் ஜெபிக்கிறோம். ஆமென்.