நடைபாதை உயிரின் விலை இரண்டு இலட்சம்

2002 செப்டம்பரில் மும்பை பாந்த்ராவில், பேக்கரி வாசலில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது நடிகர் சல்மான் கானின் கார் ஏறியது. ஒருவர் செத்தார். 2015 மே மாதம் அமர்வு நீதிமன்றம் சல்மானுக்கு ஐந்தாண்டு சிறை விதித்தபோது, சாலையில் தூங்குகிறவன் நாயைப் போலத்தான் சாவான் என்று ட்விட்டரில் எழுதினார் ஓர் இந்திப் பாடகர். டிசம்பரில் உயர் நீதிமன்றம், அவர்தான் ஓட்டினார் என்பது ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது.

நடைபாதையில் தூங்குவது யார்? தலைமுறை தலைமுறையாக நிலமும் வீட்டுமனையும் மறுக்கப்பட்டவர்கள்தான். இந்தக் கேள்வியைத் தொடாமல் 'விபத்து' என்று பேசுவதை நான் ஏற்க மாட்டேன்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய், காவல்துறைக்குச் சொல் என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம். விலையுயர்ந்த காரின் ஒரு டயர்கூட அந்தக் காசுக்கு வராது!

சாகடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2). 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொல்லும் என்ற அவர்கள் பயம் பொய்யல்ல. ஜூலையில் சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. கூலிக்கு ஓட்டுகிறவருக்குப் பத்தாண்டு பயம், காசுள்ளவருக்கு வழக்கறிஞர் படை.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் இழப்பீடு இரண்டு இலட்சம். 2022 வரை 25,000தான். அதையும் குடும்பம்தான் மனுப் போட்டு வாங்க வேண்டும். முகவரியே இல்லாமல் செத்தவருக்கு எந்த அலுவலகத்தில், யார் மனுப் போடுவது?